பழைய காருக்குப் புதுப் பெயின்ட்: தகட்டைத் தயார் செய்வது எப்படி?

பழைய காரைப் புதுப்பிப்பதில் பெயின்ட் அடிப்பது ஓரிரு நாள் வேலை. அதற்கு முன் தகட்டைத் தயார் செய்ய வாரக்கணக்கில் ஆகும். சில வண்டிகளுக்கு மாதக்கணக்கிலும் ஆகும். இந்தக் கணக்கு பிடிபடாமல் இறங்குகிறவர்கள் பாதி வழியில் பொறுமை இழந்து, ப்ரைமரை (நிறத்துக்கு அடியில் போடும் பூச்சு) அள்ளிப் பூசி, மேலே நிறத்தையும் ஏற்றிவிடுகிறார்கள். முதல் நாள் வண்டி ஜொலிக்கும். சில மாதங்களில் கதவின் அடியில் கொப்புளம் கட்டும், பானட்டில் உப்புத்தாள் கீறல்கள் மேலெழும்பும், பட்டி போட்ட இடம் வட்டமாகத் தெரியும்.

இதில் புதியவர்களை ஏமாற்றுவது ப்ரைமரின் மங்கல். மங்கலான பரப்பில் வெளிச்சம் சிதறிப்போவதால் மேடுபள்ளம் கண்ணில் படாது. பளபளக்கும் பெயின்டோ எதிரே இருக்கும் சுவரையும் விளக்கையும் அப்படியே பிரதிபலிக்கும். மிகச் சிறிய பள்ளம் இருந்தாலும் அந்தப் பிம்பம் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும். கருப்பும் அடர்நீலமும் இதில் ஈவிரக்கம் பார்க்காதவை. வெள்ளையும் வெளிர்நிறங்களும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆகவே தயாரிப்பு என்றால் குறை தேடுவது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பு வந்த பிறகு தெரியப்போகிற குறையை அதற்கு முன்பே பிடித்தாக வேண்டும். கீழே வரும் வேலைகளில் பாதி அதற்கான உபாயங்கள்தாம்.

கை வைப்பதற்கு முன்

பழைய வண்டியின் பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிறமிகளில் ஈயச் சேர்மங்களும் துருத்தடுப்பு ப்ரைமர்களில் குரோமேட்டும் பல பத்தாண்டுகள் சர்வசாதாரணமாகப் புழங்கின. உலர்வாகத் தேய்க்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்குள் போகும், உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். பி100 அல்லது எஃப்எஃப்பி3 தர முகக்கவசம், கண்ணாடி, கையுறை, இந்த வேலைக்கென்று தனி உடை ஆகியவை கட்டாயம். வேலை செய்யும் இடத்தில் சாப்பாடு கூடாது. குழந்தைகளை அண்டவிடக் கூடாது. கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பில் சேராது.

ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே செய்யும் பொருள்களின் ஆபத்து வேறு வகை. பெரும்பாலான 2கே ப்ரைமர்களின், அதாவது ஹார்டனர் கலந்து இறுகவைக்கும் ப்ரைமர்களின், ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அது ஒருவருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிட்டால், அதன் பிறகு துளி பட்டாலும் மூச்சு திணறும். வாசனையை வைத்து அதன் அளவை ஊகிக்கவும் முடியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகத் தரும் கவசம்தான் அதற்கு ஏற்றது. அந்த வசதி இல்லாதவர்கள் தேய்ப்பு வேலைகளைத் தாங்கள் செய்துகொண்டு, ஸ்ப்ரே வேலையை மட்டும் அறையும் வசதியும் உள்ள பட்டறையில் கொடுத்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உழைப்பில் பெரும்பங்கு தேய்ப்பில்தான் இருக்கிறது.

வண்டியில் என்ன இருக்கிறது?

ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, தகட்டின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் தடித்த பட்டியோ ஈயமோ இருக்கிறது. சக்கர வளைவு, கதவின் கீழ்ப்பகுதி, கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதி ஆகிய மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். காந்தம் எங்குமே ஒட்டவில்லையென்றால் அது அலுமினியமாகவோ ஃபைபர்கிளாஸாகவோ இருக்கலாம். 1948-இல் வந்த முதல் லேண்ட்ரோவரின் வெளித்தகடுகளில் பெரும்பகுதி அலுமினியக் கலவை. 1953-இல் தொடங்கிய கார்வெட்டின் கூடு ஃபைபர்கிளாஸ். இவற்றுக்கு வைத்தியம் வேறு, பின்னால் சொல்கிறேன்.

பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 300-ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள். 1000-க்கு மேல் காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது. எண்களைவிட முக்கியம் அவை மாறும் இடம். ஒரே கதவில் ஒரு மூலை 150, இன்னொரு மூலை 1200 என்றால் அந்த மூலையில் ஒரு பழைய கதை புதைந்திருக்கிறது.

அடுத்தது துரு. மழுங்கிய ஸ்குரூ டிரைவரால் சந்தேகமான இடங்களை அழுத்திப் பாருங்கள்: பேட்டரித் தட்டு, கண்ணாடி ரப்பரின் விளிம்பு, டிக்கியின் தரை, மட்கார்டும் உடலும் சேரும் மடிப்பு. உடல் கூட்டை ப்ரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரத்தின் உதவியால் மூலைமுடுக்கெல்லாம் படியவைக்கும் முறை 1960-களில்தான் கார்த் தொழிற்சாலைகளில் பரவத் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டிகளின் பெட்டிபோன்ற மூடிய உள்ளறைகளில் பாதுகாப்பு சொற்பம். அங்கெல்லாம் துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் ஒரு சிறு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே அதைவிடப் பல மடங்கு அரித்திருக்கும்.

மேலே இருக்கும் பெயின்ட் எந்த வகை என்பதையும் இப்போதே கண்டுபிடித்துவிடலாம். வெள்ளைத் துணியை லாக்கர் தின்னரில் நனைத்து, கண்ணில் படாத ஓர் இடத்தில் அரை நிமிடம் ஒற்றிப் பிடியுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் லாக்கர். சுருங்கினால் பெரும்பாலும் எனாமல். எதுவும் நேரவில்லையென்றால் ஹார்டனர் கலந்து அடித்த பெயின்ட். 1920-களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்தபோது கார் பெயின்ட் காயும் நேரம் வாரங்களிலிருந்து மணிகளுக்குக் குறைந்தது; பல காலம் அது பரவலாக ஓடியது. அதன் பலவீனம், எத்தனை ஆண்டு கழித்தும் தின்னர் பட்டால் இளகிவிடும். புதிய பெயின்டை நேரடியாக மேலே அடித்தால் அடியிலிருப்பது ஊறிச் சுருங்கி, மேலே இருப்பதையும் தூக்கிவிடும். பழைய லாக்கர் இருந்தாலும், இரண்டு மூன்று முறை மறுபெயின்ட் பட்டிருந்தாலும் உலோகம் வரை உரித்துவிடுவதே என் கட்சி. ஒரே அடுக்கு, கெட்டியாகப் பிடித்திருக்கிறது, விரிசல் இல்லை என்றால் அதையே நன்றாகத் தேய்த்து அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

கழற்றுதல், கழுவுதல்

பம்பர், விளக்குகள், கைப்பிடிகள், குரோம் பட்டைகள், எழுத்துகள், ரப்பர் பீடிங், முடிந்தால் கண்ணாடிகள் என எல்லாவற்றையும் கழற்றுங்கள். டேப் ஒட்டி மறைத்து அடித்த பெயின்ட் அந்த விளிம்பில்தான் முதலில் உரியத் தொடங்கும். ரப்பருக்கு அடியில் மறைந்திருக்கும் துருவும் கழற்றினால்தான் தெரியும். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூக்களைத் தனித்தனிப் பையில் போட்டு எந்த இடத்துடையது என்று எழுதி வையுங்கள். பழைய வண்டிக்கு ஒரு கிளிப் தொலைந்தால் அதைத் தேடி எடுப்பது பெயின்ட் வேலையைவிடப் பெரிய தலைவலி.

அசல் நிறமே வேண்டும் என்பவர்கள் இந்தக் கட்டத்தில் ஒரு காரியம் செய்ய வேண்டும். வெயில் படாத இடங்களில், அதாவது பட்டைகளின் அடியிலோ டிக்கியின் உட்புறத்திலோ டாஷ்போர்டுக்குப் பின்னாலோ பழைய நிறம் மங்காமல் இருக்கும். அதை மெழுகு நீக்கித் துடைத்து, நிறம் கலப்பவரிடம் காட்டுங்கள். வண்டியின் அடையாளத் தகட்டில் பெயின்ட் எண் பொறித்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உரித்த பிறகு இந்த வாய்ப்பு திரும்ப வராது.

பிறகு கழுவுதல். முதலில் சோப்பு நீர், அது காய்ந்ததும் மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவம். உப்புத்தாளை எடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாலிஷில் உள்ள மெழுகும் சிலிக்கானும் மேலே இருக்கும்போதே தேய்த்தால், உப்புத்தாள் அவற்றைக் கீறல்களுக்குள் திணித்துவிடும். பெயின்ட் அடிக்கும் நாளில் அந்த இடத்தில் மீன்கண் போல வட்டவட்டமாகப் பெயின்ட் விலகி நிற்கும். துடைப்பதற்கு இரண்டு துணி வேண்டும்: ஒன்றில் திரவத்தைத் தோய்த்துத் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் அழுக்கு இருந்த இடத்திலேயே மறுபடி படியும். வேலை முடியும்வரை டயர் பாலிஷ், சிலிக்கான் கலந்த ஸ்ப்ரே எதையும் அந்தப் பட்டறைக்குள் கொண்டுவராதீர்கள்.

பழைய பெயின்டை உரித்தல்

தேய்த்து உரிப்பதானால், சுழன்றும் அதிர்ந்தும் ஓடும் சாண்டர் இயந்திரத்தில் 80 நம்பர் தாளே போதும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டுப் பாய்ச்சுவது வேகம்போலத் தெரியும். ஆனால் அது மெல்லிய தகட்டைச் சூடாக்கி வளைத்துவிடும், தகட்டை வழவழப்பாக்கிப் பிடிப்பையும் கெடுக்கும். ஹீட் கன் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய தொழிற்சாலைகள் கூரையும் தூணும் சேரும் இணைப்புகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் நிரப்பின. அது 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். சாம்பல்நிற மென்மையான உலோகம் தென்பட்டால் சூட்டை நிறுத்துங்கள். அதை இயந்திரத்தால் தேய்க்கவும் கூடாது. அரத்தால் சீவினால் தூசி பறக்காமல் சுருளாக விழும். சுருள்களைப் பெருக்கிவிடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

பெயின்ட் ரிமூவர் பெரிய பரப்புகளுக்கு நல்லது. அது மடிப்புகளுக்குள் தங்கிவிட்டால்தான் வினை. எத்தனை கழுவினாலும் இடுக்கில் மிஞ்சியது பின்னாளில் கசிந்து புதுப் பெயின்டைக் கொப்புளிக்கவைக்கும். விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டிவிட்டு, நடுவில் மட்டும் ரிமூவர் பூசுங்கள். விளிம்பைக் கையால் தேய்த்து எடுங்கள். ஃபைபர்கிளாஸ் மேல் சாதாரண ரிமூவர் பட்டால் பிசினையே தின்றுவிடும்.

மணல் வீச்சு முறை சேசிஸ், சக்கரம், கனமான பிராக்கெட்டுகளுக்கு அருமை. பானட், கூரை, கதவுபோன்ற அகன்ற மெல்லிய தகட்டுக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். லட்சக்கணக்கான துகள்கள் அடித்து மேற்பரப்பை நீட்டிவிடுவதால் தகடு அலையலையாக நெளியும். அதைச் சரிசெய்வது புதுத் தகடு போடுவதைவிடக் கடினம். சோடாத் தூள் வீச்சு தகட்டை வளைக்காது; ஆனால் அதன் மிச்சத்தை முழுக்கக் கழுவி நீக்காவிட்டால் ப்ரைமர் பிடிக்காது.

எந்த வழியில் போனாலும் ஒரு விதியை மீறாதீர்கள்: அன்றைக்கே ப்ரைமர் போட்டு மூட முடிகிற அளவுக்கு மட்டும் உலோகத்தைத் திறங்கள். வெற்று இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே செம்மஞ்சள் பூக்கும். வெறுங்கையால் தொட்டாலும் வியர்வை உப்பு ரேகையாகப் பதிந்து, அந்த ரேகையின் வடிவத்திலேயே துருப்பிடிக்கும். முழு வண்டியையும் ஒரே மூச்சில் உரித்துப்போட்டுவிட்டு அடுத்த விடுமுறைக்குக் காத்திருப்பவர்கள் இருமுறை உரிக்கிறார்கள்.

துரு

மேலோட்டமான துரு 80 நம்பர் தாளுக்கே போய்விடும். குழிகுழியாக அரித்ததில் தாள் உள்ளே நுழையாது. கைக்கு அடக்கமான மணல் வீச்சுக் கருவியோ பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியோ வேண்டும். அமிலம் துருவைக் கரைத்து இரும்பின் மேல் பாஸ்பேட் படலத்தை விடும். அந்த மிச்சத்தின் மேல் எபாக்ஸி ப்ரைமர் சரியாகப் பிடிக்காது என்பதால், டப்பாவில் சொல்லியபடி கழுவி, உலர்த்தி, மறுபடி தேய்த்த பிறகே ப்ரைமர்.

ஓட்டை விழுந்துவிட்டால் பேச்சே இல்லை: நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதே தடிமனில், பெரும்பாலும் 0.8 முதல் 1 மில்லிமீட்டர், புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே கோடாக ஓட்டினால் சூட்டில் தகடு சுருண்டுவிடும். புள்ளி புள்ளியாக, ஒரு புள்ளி இங்கே, அடுத்தது தள்ளி என்று மாற்றி மாற்றி வைத்து, இடையில் ஆறவிட வேண்டும். ஓட்டையைப் பட்டியால் அடைப்பது சுத்த ஏமாற்று. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்புறத்திலிருந்து வரும் தண்ணீரைக் குடித்து ஒருநாள் பத்தையாகக் கழன்று விழும். உள்ளறைகளில் பாய்ச்சும் துருத்தடுப்பு மெழுகை மட்டும் பெயின்ட் வேலை முடிந்த பிறகு செய்யுங்கள். முன்னதாகச் செய்தால் அது மடிப்புகள் வழியாகக் கசிந்து எல்லாவற்றையும் பாழாக்கும்.

டிங்கரிங்

ஒடுக்கு எடுப்பது தனிக் கலை. ஒரு கட்டுரையில் அது கைக்கு வராது; ஆனாலும் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். பின்னால் டோலியை (கைக்குள் அடங்கும் இரும்புக் கட்டை) வைத்து முன்னால் சுத்தியலால் லேசாகத் தட்டும்போது, சுத்தியல் டோலியின் நேர்மேலே விழுந்தால் தகடு மெலிந்து நீளும். டோலி பள்ளத்தின் அடியிலும் சுத்தியல் பக்கத்து மேட்டிலும் இருந்தால் தகடு பழைய இடத்துக்குத் திரும்பும். புதியவர்கள் முதல் வகையில் ஓங்கி அடித்துத் தகட்டை நீட்டிவிடுகிறார்கள். நீண்ட தகடு அழுத்தினால் டொப்பென்று உள்ளே போய், விட்டால் வெளியே வரும். அதைச் சூடேற்றிச் சுருக்கத்தான் வேண்டும், அனுபவசாலியைக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் பட்டி போட்டால் விரிசல் விட்டுவிடும்.

தகட்டின் மேல் அரத்தை லேசாக இழுத்தால் மேடு மட்டும் பளிச்சென்று மின்னும், பள்ளம் மங்கலாகவே இருக்கும். பள்ளத்தின் ஆழம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் மிச்சத்தைப் பட்டி பார்த்துக்கொள்ளும்.

கதவு, பானட், டிக்கி மூடியின் இடைவெளிகளை இந்தக் கட்டத்திலேயே சரிபாருங்கள். நான்கு சக்கரமும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய கூடு சற்றே முறுக்கிக்கொண்டு பொய்யான இடைவெளியைக் காட்டும். கீல் அடிப்பதோ விளிம்பில் தகடு சேர்ப்பதோ இப்போதுதான். பெயின்ட் அடித்த பிறகு கதவு இடித்தால் அழுவதைத் தவிர வேறு வழியில்லை.

பட்டியும் உள்ளங்கையும்

பட்டியை வெற்று உலோகத்தின் மேல் போடலாமா, எபாக்ஸி ப்ரைமர் போட்டு அதன் மேல் போடலாமா என்று ஒரு பழைய சண்டை உண்டு. 80 நம்பர் தாளால் தேய்த்த சுத்தமான உலோகத்தில் பட்டி நன்றாகவே பிடிக்கும். பல்லாண்டுகள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இருந்தாலும் வாரக்கணக்கில் நீளும் வேலைக்கு எபாக்ஸி முதலில் வருவதே நல்லது என்பேன். அது ஈரத்தை உலோகத்திடம் அண்டவிடாது, நீங்களும் துருவைப் பற்றிய கவலை இல்லாமல் நிதானமாக வேலை செய்யலாம். துத்தநாகமோ அமிலமோ கலந்த எட்ச் ப்ரைமரின் மேல் மட்டும் பட்டி போடாதீர்கள். அந்த அமிலம் பட்டியை இறுகவிடாது.

100 கிராம் பட்டிக்குச் சுமார் 2 கிராம் ஹார்டனர். அவசரத்துக்கு ஹார்டனரைக் கூட்டினால், அதிலுள்ள பெராக்ஸைடு மிஞ்சி மேலேறி வெளிர்நிறப் பெயின்டில் மஞ்சள் கறையாகத் தெரியும். குறைத்தால் பிசுபிசுப்பு மாறாது. சுத்தமான பலகையில் வைத்து, அள்ளி அடிக்காமல் அழுத்தி மடித்துக் கலக்குங்கள்; காற்று புகுந்தால் ஊசித்துளைகள் விழும். நிறம் எங்கும் ஒரே சீராக வந்ததும் பூசத் தொடங்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் அது கெட்டியாகிவிடும் என்பதால், ஒரு தடவைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். முதல் கோட்டை மெல்லியதாக, தகட்டில் நன்றாக அழுத்தித் தேய்த்துப் பூசுங்கள். அதன் மேல் அடுத்தது. பள்ளத்தைவிட அகலமாக இழுத்துவிடுங்கள். மொத்தத் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டியிருந்தால் தகட்டு வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

தேய்ப்பதற்கு நீளமான கட்டை வேண்டும். விரல் நுனியால் தேய்த்தால் விரல்களின் அகலத்துக்கே வாய்க்கால் விழும். குட்டைக் கட்டை பள்ளத்துக்குள் இறங்கி ஏறி அதை அப்படியே பாதுகாக்கும். நீண்ட கட்டை மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாலம் போட்டு உயரமானதை மட்டும் வெட்டும். வளைந்த இடங்களுக்கு வளையக்கூடிய கட்டை கிடைக்கிறது. 80 நம்பர் தாளில் தொடங்கி, முதலில் ஒரு மூலைவிட்டத் திசையிலும் பிறகு அதற்குக் குறுக்கேயும் தேயுங்கள். அழுத்தாதீர்கள், தாள் தானாக வெட்டட்டும். தூள் அடைத்த தாளைத் தட்டியோ மாற்றியோ வேலை செய்யுங்கள். மழுங்கிய தாள் பட்டியை விட்டுவிட்டுப் பக்கத்துத் தகட்டைத் தின்னும். உருவம் வந்ததும் 120, பிறகு 180. பட்டியை எப்போதும் உலர்வாகவே தேயுங்கள். தண்ணீர் விட்டால் அது உறிஞ்சிவைத்துக்கொண்டு பிறகு கொப்புளமாகத் திருப்பித் தரும்.

தேய்க்கும்போது பட்டியின் நடுவில் தகட்டின் ஒரு புள்ளி மின்னினால் அது மேடு. அதற்காகச் சுற்றிலும் மேலும் மேலும் பட்டி ஏற்றுகிறார்கள்; அந்தப் புள்ளியைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கினால் ஒரு நிமிடத்தில் தீரும்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கண் இங்கே உதவாது. பட்டியின் நிறமும் ப்ரைமரின் நிறமும் அடுத்தடுத்து இருக்கும்போது கண் அந்த நிற எல்லையையே பள்ளம் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு மெல்லிய பருத்தித் துணியைத் தகட்டின் மேல் விரித்து, அதன் மேல் உள்ளங்கை முழுவதும் படும்படி வைத்து, பட்டி தொடங்குவதற்கு ஒரு சாண் முன்னாலிருந்து ஒரு சாண் பின்னால் வரை நீளவாக்கில் ஓட்டுங்கள். விரல்களைத் தூக்கிக்கொள்ளுங்கள், பார்வையை வேறெங்காவது வையுங்கள். அவசரமில்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத மேடு கை ஏறி இறங்குவதில் தெரியவரும். வண்டியின் மறுபக்கத்தில் அடிபடாத அதே பகுதி இருந்தால் அதையும் தடவிப் பார்த்து ஒப்பிடுங்கள். வளைவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கை பழகக் கொஞ்ச காலம் ஆகும். பழகிய பின் உங்களுக்குத் தெரியும் குறைகளின் எண்ணிக்கை எரிச்சலூட்டும் அளவுக்குக் கூடிவிடும்.

ப்ரைமரும் கறுப்புத் தூசியும்

இணைப்புகளில் சீலண்ட் போடுவது எபாக்ஸிக்குப் பிறகு, மேற்பூச்சுக்கு முன்பு. தொழிற்சாலை விட்டிருந்த தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். கதவின் அடியில் இருக்கும் அந்தச் சின்னத் துளைகள் அடைபட்டதால் அழிந்த கதவுகள் ஏராளம்.

எபாக்ஸியின் மேல் அடுத்த அடுக்கைத் தேய்க்காமலே அடிப்பதற்கு ஒரு கால அவகாசம் உண்டு. அதைத் தயாரிப்பாளரின் விவரத்தாள் சொல்லும். அது கடந்துவிட்டால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகே அடுத்தது. பிறகு தடித்துப் படியும் 2கே ப்ரைமர், இரண்டு மூன்று கோட்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் தின்னர் பறக்க 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். ஈரத்தின் மேல் ஈரமாக அடுக்கினால் தின்னர் உள்ளே சிறைபட்டு வாரக்கணக்கில் வெளியேறும். அப்படி வெளியேறும்போது ப்ரைமர் சுருங்கி அடியிலுள்ள கீறல்களுக்குள் இறங்கும். பெயின்ட் அடித்து இரண்டு மாதம் கழித்துத் தெரியும் உப்புத்தாள் கோடுகளின் மூலம் பெரும்பாலும் இதுதான். அவசரமில்லாதவர்கள் தேய்ப்பதற்கு முன் இந்த ப்ரைமரைச் சில நாள் அப்படியே இறுகவிடலாம்.

இறுகியதும் மேலே மெல்லிய கறுப்புத் தூசிபோல கைடு கோட்டு போடுங்கள். அதற்கென்று கிடைக்கும் கறுப்புத் தூளைப் பஞ்சால் தடவலாம், அல்லது கறுப்பு ஸ்ப்ரேயைத் தள்ளி நின்று சாரலாகத் தூவலாம். நீண்ட கட்டையில் 240 நம்பர் தாள் போட்டுத் தேய்த்தால் மேடுகளில் கறுப்பு உடனே போகும், பள்ளத்தில் தங்கி நிற்கும். ஊசித்துளைகள் கரும்புள்ளிகளாகவும் பழைய கீறல்கள் மயிரிழைக் கோடுகளாகவும் எழுந்துவரும். கறுப்பு போகாத இடத்தை மட்டும் குறிவைத்துத் தேய்க்கக் கை பரபரக்கும். அங்கேதான் அடக்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் பள்ளம் ஆழமாகும். சுற்றுவட்டாரம் முழுவதையும் ஒரே சீராகத் தேய்த்துக் கீழிறக்குங்கள். ப்ரைமர் தீர்ந்து அடியிலுள்ள அடுக்கு தெரிந்த பிறகும் கறுப்பு நின்றால், அந்த இடத்துக்கு நுண்பட்டியும் மறுபடி ப்ரைமரும் வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு இந்தச் சுற்று இரண்டு முறையாவது வரும். விளிம்புகளிலும் உடலின் மடிப்புக் கோடுகளிலும் தாள் சட்டென்று அறுத்துக்கொண்டு போய்விடும். அங்கெல்லாம் முதலில் டேப் ஒட்டிவைத்து, கடைசியில் கையால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போதும்.

அடுத்து 320, 400. எனாமல்போன்ற ஒற்றை அடுக்கு நிறத்துக்கு 400 அல்லது 500-இல் நிறுத்தலாம். மெட்டாலிக் நிறத்துக்கு 600, 800 வரை போக வேண்டும். அதன் படலம் மெல்லியது, கீறலை நிரப்பாது. ஒவ்வொரு நம்பருக்கும் கைடு கோட்டை மறுபடி தூவுங்கள். 180-லிருந்து ஒரே தாவலில் 600-க்குப் போகாதீர்கள். 600 அந்தக் கீறலை எடுக்காது, வழவழப்பாக்கி ஒளித்துவைக்கும். ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம்பருக்கு முன்னால் ‘பி’ என்று இருந்தால் அது ஐரோப்பிய அளவு. பழைய அமெரிக்க அளவில் எண்கள் வேறு: பி800 என்பது அங்கே சுமார் 400. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

அலுமினியத்துக்கும் ஃபைபர்கிளாஸுக்கும்

அலுமினியத்தை இரும்பு பிரஷால் தொடாதீர்கள். துகள் பதிந்து அங்கே அரிக்கும். இரும்பில் தேய்த்த தாளையும் அதில் பயன்படுத்தக் கூடாது. தேய்த்த கையோடு ஆக்சைடு படலம் மீண்டும் உருவாகிவிடும் என்பதால் ப்ரைமரைத் தாமதிக்காமல் போடுங்கள். இரும்பும் அலுமினியமும் தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகும். அங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பூச்சு அவசியம். ஃபைபர்கிளாஸில் தெரியும் நட்சத்திர வடிவ விரிசல்களைப் பட்டியால் மூடினால் அவை திரும்ப வரும். விரிசலைத் தோண்டித் திறந்து, கண்ணாடி இழையும் பிசினும் வைத்துக் கட்ட வேண்டும்.

கடைசிக் கட்டம்

நிறத்துக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை. எண்ணெய் நீக்கும் திரவத்தைத் தகடு முழுவதும் ஈரமாகத் தடவி, அது காய்வதற்குள் விளக்கு வெளிச்சத்தில் தாழக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். சில விநாடிகள் ப்ரைமர் பளபளக்கும். பெயின்ட் அடித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே முன்னோட்டம். விளக்கின் பிம்பம் உடைந்தால் அந்த இடத்தைப் பென்சிலால் குறிக்காமல் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பென்சில் கோடு பெயின்டுக்கு மேலே தெரிந்துவிடலாம்.

மறைப்பதற்குச் செய்தித்தாள் வேண்டாம். மையும் இழையும் ஒட்டும், தின்னரும் ஊடுருவும். அதற்கென்ற காகிதமும் நல்ல மாஸ்கிங் டேப்பும் போதும்.

தரையை நனைத்துத் தூசியை அடக்குங்கள். கம்ப்ரஸரின் தண்ணீரை வடித்துவிட்டு, காற்றுக்குழாயில் ஈரம் பிரிக்கும் வடிகட்டியைப் பொருத்துங்கள். தகட்டின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து பெயின்ட் வெளுக்கும். மடிப்புகளிலும் கீல் இடுக்குகளிலும் காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள். அதைவிட்டால் ஸ்ப்ரே கன்னின் காற்று அதைத் தகட்டுக்கே கொண்டுவரும். மறுபடி இரண்டு துணி முறையில் எண்ணெய் நீக்கம், கடைசியாகத் தூசி ஒட்டும் டாக் துணி. துணியின் எடை மட்டுமே தகட்டில் படும்படி அதை லேசாக ஓட்டுங்கள், அழுத்தினால் துணியிலுள்ள பிசின் தகட்டில் இறங்கிவிடும்.

ஏதோ காரணத்தால் பெயின்ட் அடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போனால், தடித்த ப்ரைமரோடு வண்டியை வெளியில் நிறுத்தாதீர்கள். அது நுண்துளைகள் கொண்டது, மழையையும் பனியையும் உள்வாங்கும். கூரைக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில், உடம்போடு ஒட்டிப் புழுங்கவைக்கும் பிளாஸ்டிக் உறை இல்லாமல் வையுங்கள். நீண்ட நாள் காத்திருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால் எபாக்ஸியோடு நிறுத்திக்கொண்டு, தடித்த ப்ரைமரைப் பெயின்ட் அடிக்கும் வாரத்துக்குப் பக்கமாக வைத்துக்கொள்வது உத்தமம்.